உள்ளே தள்ளிய வரிகள்

முதல் வரியில் பிழை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அந்தக் கோப்பில் இருந்ததே ஒரு வரிதான். என் மனைவி பல வருஷமாகத் தட்டிச் சேர்த்த தமிழ்ப் பாட்டுகள் அத்தனையும் அந்த ஒரே வரிக்குள் கிடந்தன.

அச்சன் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். பங்குச் சாமியாரை இங்கே எல்லாரும் அச்சன் என்றுதான் சொல்வோம். அவர் மலையாளி. தமிழ்ப் பூசைக்கான செபங்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். உச்சரிப்பு அங்கங்கே இடறும், மனசு இடறாது. நல்ல மனுஷர்.

"சேட்டா, லைன் ஒண்ணு, லைன் ஒண்ணுன்னு மட்டும்தான் பறையுது. அந்த லைன் எங்க முடியுதுன்னு நோக்கணுமே" என்றார்.

நான் நோக்கினேன். வலது பக்கம் நகர்த்த நகர்த்தப் போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே கோண அடைப்புக்குறிகள், அதற்குள் இங்கிலீஷ், அதற்கப்புறம் நம் தமிழ் கொஞ்சம், மறுபடியும் அடைப்புக்குறி. எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். உடும்பன்சோலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை. எடை போட்டதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் பொறுப்பு என்பதால் கீபோர்டுக்குப் பயமில்லை. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என் மனைவி அங்கன்வாடியில் ஆயா. எங்கள் கோயிலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. அதற்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவள்தான். பீடத்துக்கு இடது பக்கத்துச் சுவரை வெள்ளையடித்து, அதில் பாட்டு வரிகள் விழுகிற மாதிரி ஒரு புரொஜெக்டர் வைத்தார்கள். அன்றிலிருந்து பாட்டுகளைத் தட்டிச் சேர்த்தவளும் அவள்தான். போன வருஷம் ஐப்பசியில் அவளை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். காய்ச்சல் என்று போனோம், திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அதற்கப்புறம் சுவர் வெறுமனே இருந்தது. பழைய லேப்டாப்பைத் தொட ஆளில்லை. தமிழ்ப் பூசையில் எல்லாருக்கும் மனப்பாடமான நாலைந்து பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடினார்கள். பிறகு கோயிலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது, புதிதாக ஒரு பாட்டு சாஃப்ட்வேரும் வந்தது. பழையதிலிருந்து பாட்டுகளை ஒரே கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய லேப்டாப்பை முழுசாகத் துடைத்து மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோப்பைத்தான் புதுசு வாங்க மாட்டேன் என்றது.

அவளுடைய ஆண்டு நினைவுப் பூசை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் தட்டிய பாட்டுகள் சுவரில் விழ வேண்டும். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். ஆசை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆசைப்படுகிற இடம் அந்த வருஷம் மரத்துப் போயிருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், டிரையருக்கு விறகு போட்டேன். சாயந்தரம் செபமாலை சொன்னேன். வாய் சொல்லும், விரல் மணியைத் தள்ளும், முடிந்ததும் ஆமென் என்பேன். ஆண்டவர் மேல் கோபம் இல்லை. கோபப்படவும் ஏதோ ஒன்று வேண்டும் அல்லவா? கோயிலில் பாடுகிற இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். தொண்டையில் நோவு ஒன்றுமில்லை. பாட்டு வருகிற இடத்தில் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே போடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஒருத்தி இருக்கிறாள். கொச்சியில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நெட்வொர்க் கிடைக்கிறது என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு ஒரு மேசை வைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துத் தருவதாகச் சொன்னாள்.

"மாமா, இது எக்ஸ்எம்எல். கோப்பு கெட்டுப் போகல. ஏதோ ஒரு பாட்டுல ஒரு விவரம் விட்டுப்போயிருக்கு. எல்லாம் ஒரே வரியா இருக்கதால, எந்தப் பாட்டுன்னு அதுக்குச் சொல்லத் தெரியல."

"அப்ப என்னத்தா செய்ய?"

"பிரிச்சு வரி வரியா வச்சா தெரிஞ்சிரும். பைத்தான்ல நாலு வரி எழுதினா போதும்."

"மலைப்பாம்பா?"

"கடிக்காது மாமா, உக்காருங்க."

அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பைத் திற என்று ஒரு வரி. இன்டென்ட் செய் என்று ஒரு வரி. எழுதி வை என்று ஒரு வரி. இன்டென்ட் என்றால் என்ன என்று கேட்டேன்.

"உங்க ஸ்டோர்ல பெரிய சாக்குக்குள்ள பை, பைக்குள்ள பொட்டலம்னு கட்டுவீங்கள்ல? அதே கதைதான். பெரிய சாக்கு பாட்டுப் புத்தகம். அதுக்குள்ள ஒரு பாட்டு, பாட்டுக்குள்ள சரணம், சரணத்துக்குள்ள வரி. இப்ப எல்லாத்தையும் ஒண்ணா உருட்டி வச்சிருக்கு. இது என்ன பண்ணும்னா, ஒவ்வொண்ணையும் தனி வரியில வச்சு, உள்ள இருக்கிறதக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைக்கும். எது எதுக்குள்ள இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்."

ஓட்டினாள். திறந்து பார்த்தால் வரி வரியாக நின்றது. ஆனால் தமிழ் இல்லை. தமிழ் இருந்த இடமெல்லாம் நம்பர். ஒரு குறி, நாலு இலக்கம், ஒரு குறி, நாலு இலக்கம். பக்கம் பக்கமாக அதுதான்.

அவள் "அய்யய்யோ" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் மனைவியின் பாட்டெல்லாம் நம்பராகிவிட்டது, சரி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலும் கடைசியில் அவள் கட்டிலுக்கு மேலே நம்பர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பயந்துறாதீங்க மாமா. எந்த எழுத்துல எழுதணும்னு நான் சொல்லல. சொல்லலேன்னா அது இங்கிலீஷ் மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு மத்தத நம்பராக்கிரும். ஒரிஜினல் அப்படியேதான் இருக்கு." ஒரு வார்த்தை சேர்த்து மறுபடியும் ஓட்டினாள். தமிழ் திரும்பி வந்தது.

இப்போது படிக்க முடிந்தது. பாட்டின் பெயர் ஓரத்தில். அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளிச் சரணம், இன்னும் தள்ளி வரிகள். ஏலச்செடி வைத்த சரிவு மாதிரி படிப்படியாக இறங்கியது. கீழே இறங்க இறங்கத் திருவருகைக் காலம், தவக்காலம், மாதா பாட்டு, அடக்கப் பாட்டு. ஒவ்வொன்றும் எந்த வருஷம் எதற்குப் பாடினது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கோயிலில் இருக்கிற அதே புதுச் சாஃப்ட்வேரை அவள் தன் கம்ப்யூட்டரிலும் இறக்கி, கோப்பைக் கொடுத்துப் பிழை எங்கே என்று கேட்டதற்கு, இந்த முறை சரியான வரி எண் வந்தது. கடைசிப் பாட்டு. மூன்றாம் சரணத்துக்கு மூன்று என்று இலக்கம் போடாமல் விட்டிருந்தாள் என் மனைவி. காய்ச்சல் வந்த வாரம் தட்டியது அது. அந்த மூன்றை மருமகள் என்னையே தட்டச் சொன்னாள். தட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நெற்றியைச் சுருக்கினாள். "மாமா, இங்க பாருங்க. சில வரி ஓரத்துல ஆரம்பிக்குது, சில வரி உள்ள தள்ளி ஆரம்பிக்குது. இது நான் இன்டென்ட் பண்ணினதுல வந்தது இல்ல. அது சாக்குக்கும் பைக்கும் நடுவுலதான் எடம் விடும், எழுத்தத் தொடாது. இது அத்தையே தட்டுன ஸ்பேஸ்."

பார்த்தேன். உண்மைதான். அந்த ஒழுங்கான படிகளுக்கு நடுவில் இந்த வரிகள் முன்னும் பின்னுமாக, பல் வரிசை தவறின மாதிரி இருந்தன.

"வேணும்னே தள்ளிருப்பாங்களோ?" என்று கேட்டாள்.

"எங்கத்தா. எப்ப கரண்டு போகுமோன்னு அவசர அவசரமாத் தட்டுவா. சுத்தம் பண்ணிரு."

"நெசமாவா?"

"பண்ணிரு தாயி. பாக்க லட்சணமா இருக்கட்டும்."

ஸ்டோரில் சல்லடை பிடித்தே பழகின கை எனக்கு. பெருங்காயோடு பொடிக்காய் கிடந்தால் கை தானாகப் போய்ப் பொறுக்கும். அவள் பெயரால் சுவரில் விழப் போவது ஒழுங்காக விழட்டும் என்றுதான் நினைத்தேன். ஸ்ட்ரிப் என்று ஒரு சொல் இருக்கிறதாம். வரியின் முன்னாலும் பின்னாலும் இருக்கிற வெற்றிடத்தை வழித்து எடுத்துவிடும்.

"பழைய கோப்பு மேலயே எழுதவா, இல்ல வேற பேர்ல வைக்கவா?"

"மேலயே எழுது. ரெண்டு இருந்தா அச்சன் எதை எடுக்கன்னு கொழம்பிருவாரு."

எழுதினாள். நடுவில் பிரித்துப் பார்க்க எழுதின கோப்புகளையும் அழித்துவிட்டாள். எல்லா வரியும் ஒரே ஓரத்தில் நின்றன. நூல் பிடித்த மாதிரி. எனக்கே அது பிடித்திருந்தது. அந்த வருஷத்தில் பிடித்திருந்தது என்று சொல்லக்கூடிய ஒன்று அதுதான்.

நினைவுப் பூசை அன்று பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. காய்ப் பறிப்பு சமயம் ஆனதால் தேனிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த பெண்களும் வந்திருந்தார்கள். கோயில் நிறைந்துவிட்டது. என் மனைவி நின்று பாடுகிற இடத்தில் அவளுடைய சேக்காளி நின்றாள். அதே பாடகர் குழுதான். அவளை அக்கா என்று கூப்பிட்டவள், அதனால் நான் அவளுக்கு மச்சான். காய் பறிக்கிற கூட்டத்தில் வாய்க்குப் பேர் போனவள்.

வருகைப் பாட்டு சுவரில் விழுந்தது. எழுத்து எழுத்தாகப் பளிச்சென்று இருந்தது. ஆர்மோனியம் ஆரம்பித்தது. சேக்காளி முதல் வரியை எடுத்தாள். கூடவே கோயிலில் பாதிப் பேரும் அதையே எடுத்துவிட்டார்கள். அடுத்த வரிக்கு அவள் நிறுத்தினாள். ஜனங்களும் நிறுத்தினார்கள். ஆர்மோனியம் மட்டும் போனது. பின்னால் இருந்து இரண்டு மூன்று பேர் ஆரம்பித்து, தனியாக மாட்டிக்கொண்டோமே என்று விழுங்கினார்கள். அவள் மறுபடி எடுத்தாள். இப்போது எல்லாரும் சேர்ந்து வேறு வரியைப் பாடினார்கள். சந்தையில் லேலம் கூவுகிற சத்தம் மாதிரி ஆனது. அச்சன் பீடத்துக்கு வந்து சேர்ந்து, பாட்டு முடிந்ததா முடியவில்லையா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஆண்கள் பக்கத்தில் நின்றேன். என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அதே பாட்டு, அதே ஜனம். போன வருஷம் வரைக்கும் தண்ணீர் மாதிரி ஓடினது.

சேக்காளி சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். தன் வரியைப் பாடிவிட்டு, அவர்கள் வரி வருகிறபோது, காய்க் கூடையை இறக்கச் சொல்லிக் கைகாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் காட்டினாள். அதற்கப்புறம் பிடித்துக்கொண்டார்கள். காணிக்கைப் பாட்டு, நற்கருணை கொடுக்கும்போது பாடுகிற நன்மைப் பாட்டு எல்லாம் அப்படியே கைகாட்டித்தான் நடந்தது. பூசை நல்லபடியாக முடிந்தது. என் மனைவி பெயரை அச்சன் சரியாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் சேக்காளி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மச்சான், பாட்டுக்கெல்லாம் இஸ்திரி போட்டுட்டீகளா?"

"என்னம்மா சொல்ற?"

"ஒரு மடிப்புக்கூட இல்லாம நட்டக்குத்தலா நிக்குதே எல்லா வரியும். அக்கா நம்ம வரியை உள்ள தள்ளில்ல வப்பா?"

"நம்ம வரியா?"

"நெசமாத் தெரியாதா? ஓரத்துல இருந்தா எங்க வரி, பாடகர் குழு. உள்ள தள்ளி இருந்தா சனங்க வரி. மொத மொதல்ல சனங்க வரி ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் 'எல்லாரும்'னு எழுதிப் போட்டா. நம்ம ஆளுக என்ன செஞ்சாக? அந்த 'எல்லாரும்'ங்கிறதையும் சேத்துல்ல ராகம் போட்டுப் பாடுனாக! அச்சன் சிரிச்சு பீடத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை. அந்த ஞாயிறு நானும் அந்த 'எல்லாரு'மைப் பாடினவன்தான். வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு அடுத்த மாதம் அந்தச் சொல் சுவரில் இல்லை, பாட்டு சரியாக ஓடியது, நான் அதோடு விட்டுவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவள் என்ன வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் வைத்தது வெற்றிடம். அத்தனை வருஷமும் அந்த இடம் வந்ததும் நான் வாயைத் திறந்திருக்கிறேன், எதைப் பார்த்துத் திறக்கிறேன் என்று தெரியாமல்.

"எழுதப் படிக்கத் தெரியாத கெழவிகூட அந்தப் பள்ளத்தப் பாத்துத்தான் பாடுவா மச்சான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க. பூசை ஆயிருச்சுல்ல. வாங்க, கல்லறைக்குப் போவோம்" என்றாள்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மஞ்சில் அணைந்து அணைந்து போனது. செபம் சொன்னோம். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடியும் ஏற்றிவிட்டு நின்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மருமகளிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு காப்பிகூட எங்கயும் இல்லையா மாமா?"

"பழைய லேப்டாப்பத் தொடச்சுட்டாங்க."

அவள் அன்றைக்கு அரைமணி நேரம் என்னென்னவோ தேடிப் பார்த்தாள். பென்டிரைவில் பழையதை மீட்க முடியுமா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை. "நான் வேற பேர்ல வச்சிருக்கணும். நீங்க சொன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. அதுகூட என்னால் முடிந்தது.

"இதுக்கு ஏதும் கட்டளை இருக்காத்தா? எது நம்ம வரி, எது குழு வரின்னு அதுவே பாத்துத் தள்ளி வைக்க?"

"இல்ல மாமா. அதுக்கு எது எதுக்குள்ள இருக்குன்னு தெரியும். யார் பாடுறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப நான் வைக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"மெல்ல மெல்ல."

அவள் எனக்குக் கோப்பைத் திறந்து வைத்துத் தந்தாள். கூடவே இரண்டு காப்பி எடுத்து, ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நான் சாப்பாட்டு நேரத்தில் கஞ்சியைச் சீக்கிரம் குடித்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தகரக் கூரைக்கு வருவேன். அவள் ஒரு ஓரத்தில் மீட்டிங்கில் இருப்பாள். நான் இன்னொரு ஓரத்தில் உட்காருவேன்.

முதல் பாட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். எது எங்கள் வரி என்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்த வரிகள். ஆனால் எழுத்தைப் பார்த்தால் அது தெரிவதில்லை. சேக்காளியிடம் கேட்டேன். அவளுக்குத் தன் பக்கத்து வரிகள் நிச்சயமாகத் தெரிந்தன. நடுவில் சில இடங்களில், "இது நாங்களும் பாடுவோம், நீங்களும் பாடுவீகளோ?" என்று அவளே குழம்பினாள். அங்கே என் மனைவி எத்தனை ஸ்பேஸ் வைத்திருந்தாளோ.

வேறு வழியில்லை. மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மனசுக்குள் ஓட்டினால் எல்லாம் ஒரே குரலாகப் போகிறது. உதட்டை அசைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தெரிந்தது. என் மனைவி எடுக்கிற வரியின் முடிவில் சின்னதாக ஒரு இழுப்பு இருக்கும். இனி நீங்கள் என்று சொல்கிற இழுப்பு. அதைச் சத்தமாகச் செய்து பார்த்தால்தான் அது வருகிறது. அது வந்த இடத்தில் அடுத்த வரிக்கு முன்னால் போய் ஸ்பேஸ் கட்டையை அழுத்துவேன். நாலு தடவை. அவள் நாலு வைத்தாளா என்று தெரியாது. நாலு வைத்தால் சுவரில் நன்றாகத் தெரிகிறது.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு ஆகும். சில நாள் அதுவும் ஆகாது. அடக்கப் பாட்டுகளைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அடுத்த தமிழ்ப் பூசைக்கு வேண்டிய அளவு ஆகிவிடும். அச்சனிடம் சொல்லிவிட்டேன். "மதி சேட்டா, அது மதி" என்றார், போதும் என்பதை அவர் பாஷையில்.

அவள் கடைசியாகத் தட்டின பாட்டு ஒன்று இருக்கிறதே, நான் மூன்று என்று இலக்கம் போட்டது. அதை நாங்கள் ஒரு தடவையும் பாடினதில்லை. அவள் அடுப்படியில் முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதில் எது யார் வரி என்று சேக்காளிக்கும் தெரியாது. நேற்று அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் கேட்டது ஞாபகம் வருகிற வரைக்கும் ஒரு வரியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இழுப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மருமகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். மீட்டிங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும் போல.

"மாமா, பாடுனீங்களா?"

"இல்லத்தா" என்றேன். "ஸ்பேஸ் வச்சேன்."